கணக்கில் ஏறாத வேலை

புனே நகரத்தை அடுத்த போசரி தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள ஒரு கிளையில் நான் பணியாற்றிக்கொண்டிருந்த காலம். ஆகஸ்ட் மாத மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நனைந்த குடையைச் சுருட்டியபடி என் மேசைக்கு முன் வந்து நின்றார். ரூ.1,80,000க்கான நிரந்தர வைப்புச் சான்றை நீட்டி, முதிர்வுக்கு முன்பே அதை முடித்துத் தருமாறு இந்தியில் கேட்டார். மேசையில் இருந்த பெயர்ப்பலகையைப் படித்ததும் தமிழுக்கு மாறினார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். புனேக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன என்றார்.

வைப்பு முதிர்வதற்கு இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. இடையில் முடித்தால் வட்டி குறையும் என்று வழக்கம்போல் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"நாளைக்கு ராஜினாமா கடிதம் கொடுக்கப் போறேன் சார். அதுக்கு முன்னாடி கையில கொஞ்சம் பணம் வேணும்."

உட்காரச் சொன்னேன். மழையில் கூட்டம் குறைவாக இருந்ததனால் பேச நேரம் இருந்தது.

இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் அவர் கணக்கு உதவியாளர். பற்றுச்சீட்டுகளைப் பதிவது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகைகளைக் கவனிப்பது ஆகியவையே அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடங்குப் பொறுப்பாளர் விலகிச் சென்றார். வேறு ஆள் கிடைக்கும்வரை கிடங்குக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுமாறு மேலாளர் சொன்னார். ஆள் கிடைக்கவில்லை, சில மாதங்களில் தேடுவதும் நின்றது. அடுத்து, ஊதியப் பட்டியல் தயாரித்துவந்த பெண் மகப்பேறு விடுப்பில் சென்றவர் திரும்பி வரவில்லை. அந்த வேலையும் இவரிடம் வந்தது. வெளியில் ஒரு தணிக்கையாளர் செய்துவந்த ஜி.எஸ்.டி. தாக்கலும், கட்டணத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, இவர் கைக்கு வந்தது. வருகைப் பதிவேடும் கூரியர் அனுப்புவதும் எப்போது தம்மிடம் வந்தன என்று அவருக்கே நினைவில்லை.

இவ்வளவுக்கும் ஊதியம் ஒரே ஒரு முறை உயர்ந்தது. ரூ.32,000 என்பது ரூ.33,500 ஆயிற்று.

"உங்கள் மேலாளரிடம் எப்போதாவது பேசினீர்களா?" என்று கேட்டேன்.

"அவர் நல்லவர்தான் சார். பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு முன்பணம் கொடுத்தார். அதனாலதான் வாயைத் திறக்க முடியல. இப்ப திறந்தா சண்டையாத்தான் முடியும்."

இந்த இடத்தில் நான் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவர் சொன்ன அந்த நல்ல மேலாளராக நானும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன்.

ஆந்திரத்தில் ஒரு சிற்றூர்க் கிளையின் மேலாளராக இருந்தபோது, என்னிடம் மூன்று எழுத்தர்கள் இருந்தனர். ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரப்பப்படவில்லை. அவருடைய வேலையை இருவருக்கும் பகிர்ந்துகொடுத்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நடந்தது வேறு. இருவருள் ஒருவரிடம் கொடுத்த வேலை இரண்டு முறை நினைவூட்டிய பின்னும் அரைகுறையாகத் திரும்பும். மற்றவரான அந்த அம்மையாரிடம் கொடுத்தால் மாலைக்குள் முடிந்திருக்கும். எனவே ஒவ்வொரு முறையும் என் கை தானாக அவர் மேசையை நோக்கியே நீண்டது. காசோலைத் தீர்வை அவரிடம், பாதுகாப்புப் பெட்டகப் பதிவேடு அவரிடம், வட்டார அலுவலகம் கேட்கும் அறிக்கைகள் அவரிடம். நவம்பர் வந்தது. ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க வரிசையில் நிற்கும் மாதம் அது. அந்த வரிசையையும் அவரிடமே ஒப்படைத்தேன்.

மறுநாள் இடமாற்றம் கோரும் விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். எனக்குப் பெரும் வியப்பு. ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "தங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார். எனக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் பத்தடி தொலைவில் உட்கார்ந்திருந்தும் தெரியாது.

ஊழியர்கள் இதை நம்புவது கடினம். மேலதிகாரி எல்லாவற்றையும் அறிந்தே செய்கிறார், வேண்டுமென்றே கசக்கிப் பிழிகிறார் என்றே தோன்றும். அப்படிப்பட்டவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பின்னர் பேசலாம். ஆனால் நான் கண்டவரையில் பெரும்பாலான மேலதிகாரிகளுக்குத் தெரிவது முடிந்த வேலை மட்டுமே; அதை முடிக்க ஆன நேரம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. காலியான இடத்துக்கான ஊதியம் மிச்சமாவது மாதக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. அந்த மிச்சம் யாருடைய மாலை நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் தலைப்பு இல்லை. வணிகவியல் படித்தவனாகையால் எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. பற்று இல்லாத வரவு கிடையாது என்பது நாங்கள் முதலாண்டில் படித்த பாடம்.

போசரி நண்பருக்கு வருவோம். பணமெடுப்புச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் இருவரும் ஒரு கணக்குப் போட்டோம். மாதம் 26 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். ரூ.32,000ஐ அதனால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ரூ.154. இப்போது அவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருக்கிறார். மாதத்துக்கு 52 மணி நேரம் கூடி, மொத்தம் 260 ஆகிறது. ரூ.33,500ஐ 260ஆல் வகுத்தால் ரூ.129. சம்பளம் 1,500 ரூபாய் ஏறிய அதே காலத்தில், அவருடைய ஒரு மணி நேரத்தின் விலை 25 ரூபாய் இறங்கியிருக்கிறது. பழைய விலையிலேயே 260 மணி நேரம் உழைப்பதென்றால் அவர் ரூ.40,000 பெற வேண்டும். மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்று கணக்கிட்டால், அந்த 52 மணி நேரத்துக்கு மட்டும் ரூ.16,000 ஆகும், அதாவது பழைய சம்பளத்தில் சரிபாதி.

அவர் அந்தச் சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளாகத் தமக்குச் சோர்வு என்றும் எரிச்சல் என்றும் மட்டுமே தெரிந்திருந்த ஒன்று, எண்ணாக முன்னால் கிடந்தது.

இரு மடங்கு என்பது நான் கற்பனையாகச் சொன்னதன்று, சட்டத்தில் உள்ளது. நம் நாட்டில் வேலை நேரம் சுருங்கிய கதை நீண்டது. 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைகளின் நேரத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. நெசவாலைகளில் வயதுவந்த ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பு 1911இல்தான் வந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி நேரம், 1934இல் 54, பின்னர் தொழிலாளர் துறையின் பொறுப்பு அம்பேத்கரிடம் இருந்தபோது 1946இல் 48 என்று படிப்படியாக இறங்கியது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடியபோது இந்தப் பாதையில் பாதித் தொலைவுகூடக் கடக்கப்படவில்லை. அண்மையில் தொழிலதிபர் ஒருவர் வாரத்துக்கு 70 மணி நேரம் என்றும் மற்றொருவர் 90 என்றும் சொன்னதைக் கேட்டபோது, 1922க்கும் முந்தைய காலத்துக்கு யாரோ பயணச்சீட்டு எடுப்பதாகவே எனக்குப் பட்டது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய தொழிற்சாலைகள் சட்டம் அவற்றுள் ஒன்றில் அடங்கிவிட்டது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம், மிகைநேரம் உழைக்கத் தொழிலாளியின் இசைவு ஆகியவை அத்தொகுப்பில் உள்ளன. கடைகளுக்கும் வணிக அலுவலகங்களுக்கும் அந்தந்த மாநிலத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், மிகைநேரத்துக்கு இரு மடங்கு என்றுமே கூறுகிறது.

ஆனால் இதில் இரண்டு பெரிய இடைவெளிகள் உண்டு. ஒன்று, சட்டம் விலை வைப்பது நேரத்துக்கு, சுமைக்கு அன்று. எட்டு மணி நேரத்துக்குள்ளேயே இருவர் வேலையை ஒருவரிடம் வாங்கினால் மிகைநேர விதி உதவாது. பணிநியமனக் கடிதங்களின் கடைசி வரியில், நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளையும் செய்ய வேண்டும் என்று ஒரு வாசகம் பெரும்பாலும் இருக்கும். கையெழுத்திடும் நாளில் யாரும் அதைப் படிப்பதில்லை.

மற்றொன்று, தொழிலாளர் என்பதன் வரையறை. முதன்மையாக நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும், மாதம் ரூ.18,000க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் அவ்வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள். ஆகவேதான் சில நிறுவனங்களில் ஊதியம் ஏறாமல் பட்டம் மட்டும் ஏறுகிறது. உதவியாளர் நிர்வாக அலுவலர் ஆகிறார், அவர் பின்னர் துணை மேலாளர் ஆகிறார். அறிமுக அட்டை அச்சாகிறது, வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். பட்டம் மாறியதனால் மட்டும் உரிமை போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதன்மையாக எழுத்தர்ப் பணியே செய்துவந்த ஒருவர், சில மேற்பார்வைப் பொறுப்புகள் கூடுதலாகத் தரப்பட்டதனாலேயே அவ்வரையறையிலிருந்து வெளியேறிவிடமாட்டார் என்று பழைய சட்டத்தின்கீழ் 1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. பட்டத்தின் பெயரைக் காட்டிலும் அன்றாடம் செய்யும் வேலை எது என்பதே அங்கு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அன்றாடம் என்ன செய்தோம் என்ற பதிவு ஊழியரிடம் இருக்க வேண்டும்.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அரசுத் துறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 49ஆம் விதி கூடுதல் பொறுப்பைப் பற்றியது. வேறொரு பதவியின் முழுப் பொறுப்பையும் முறையான ஆணையின் மூலம் ஒருவருக்கு ஒப்படைத்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவருக்குக் கூடுதல் ஊதியம் உண்டு. அதே பதவியின் வழக்கமான அன்றாட அலுவல்களை மட்டும் கவனித்துக்கொள்ளச் சொன்னால், எத்தனை நாளானாலும் கூடுதலாக ஒரு ரூபாயும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரு தாள், அதில் உள்ள வாசகம். வங்கிகளிலும் மேற்பதவியைப் பொறுப்பேற்றுக் கவனிக்கும் அலுவலருக்குப் பொறுப்புப் படி உண்டு. அங்கும் ஆணை வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதற்கு எந்த அலுவலகத்திலும் படி கிடையாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நண்பரிடம் ஒரே ஒரு வேலையைச் செய்யச் சொன்னேன். நான்கு வாரங்களுக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், புகாராக எழுத வேண்டாம். எந்த வேலை, யார் சொன்னது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, அவ்வளவே. ராஜினாமாவை அந்த நான்கு வாரங்களுக்கு ஒத்திப்போடச் சொன்னேன்.

ஒத்திப்போடச் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர் அங்கே சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. நிரந்தரப் பணியாளர் தாமாக விலகினால் பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும். கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குவது பணிக்கொடைக் கணக்கு. அவருக்கு அடிப்படை ரூ.16,750, அகவிலைப்படி தனியாக இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ரூ.48,000 வரும். நாளை கடிதம் கொடுத்தால் அது போகும். வருங்கால வைப்பு நிதியையும் ஐந்து ஆண்டு முடியுமுன் எடுத்தால் வருமான வரி குறுக்கிடும். எடுக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடும் என்பதையும் கோபத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பின்பு அந்த வைப்புச் சான்று. வீட்டுக் கடன் தவணை ரூ.14,200, வீட்டுச் செலவு எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் ரூ.12,800. இரண்டும் சேர்ந்து மாதம் ரூ.27,000, ஆறு மாதத்துக்கு ரூ.1,62,000. அவர் கையில் இருந்ததோ ரூ.1,80,000. வேலையை விட்டபின் சாப்பிடுவதற்கான பணமாக அவர் அதைப் பார்த்தார். எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. மேலாளர் முகம் சிவந்து "விருப்பமில்லையென்றால் போகலாம்" என்று சொன்னாலும் ஆறு மாதம் தவணை தவறாது என்ற உறுதி இருந்தால், பேசும் குரல் நடுங்காது. தவணைக்குப் பயந்தே வாய்மூடி இருப்பவர்களை எங்கள் முகப்புகளில் நாள்தோறும் பார்க்கிறோம். ஊதியம் வந்த மறுநாளே இருப்பு மூன்று இலக்கத்துக்கு இறங்கிவிடும் கணக்குகள் அவை. அவர்களிடம் துணிந்து பேசுங்கள் என்று சொல்வது எளிது, சொல்பவருக்குச் செலவில்லை. மாதம் ரூ.2,000 தொடர் வைப்பில் போட்டால்கூட மூன்று ஆண்டில் அசல் ரூ.72,000தான் சேரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்று அவர் சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நான்கு வாரக் குறிப்பில் அவரே எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. அவருடைய நேரத்தை அதிகம் தின்றது ஜி.எஸ்.டி. தாக்கலோ ஊதியப் பட்டியலோ அன்று. வருகைப் பதிவேடு, கூரியர், கிடங்கில் சரக்கு எண்ணுவது ஆகிய மூன்றும் சேர்ந்து மாதத்தில் 34 மணி நேரம். படிப்பும் அனுபவமும் தேவைப்படாத வேலைகள் அவை.

கூடுதல் வேலை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பது என் கருத்து. ஜி.எஸ்.டி. தாக்கலையும் ஊதியப் பட்டியலையும் தனியாகச் செய்யத் தெரிந்த கணக்கருக்கு வெளியில் மதிப்பு அதிகம். அந்த வேலைகள் ஊதியம் இல்லாமல் வந்திருந்தாலும் கையில் ஒரு தொழிலைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. அவற்றை விட்டுவிடக் கேட்பது பிழை. அவற்றுக்கு விலை கேட்க வேண்டும். கூரியர் உறையில் முகவரி ஒட்டுவது பத்து ஆண்டு செய்தாலும் எதையும் கற்றுத்தராது. அதை இறக்கி வைக்கக் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்து, "எனக்கு வேலை அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால், "யாருக்குத்தான் அதிகமில்லை" என்று பொதுவாகவே பதில் வரும்.

எப்போது பேசுவது என்பதிலும் சிறிது கணக்கு உண்டு. பல நிறுவனங்களில் ஏப்ரல் மாத ஊதிய உயர்வுக்கான தொகை சனவரி, பிப்ரவரியிலேயே முடிவாகிவிடும். மார்ச்சுக் கடைசியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் போய் நின்றால், நியாயமான கோரிக்கையும் மிரட்டலாகத் தெரியும். எனவே சுமையைக் குறைக்கும் பேச்சை அக்டோபரிலும், ஊதியத்தைப் பற்றிய பேச்சைச் சனவரியிலும் வைத்துக்கொள்வதாக அவர் முடிவு செய்தார்.

அக்டோபரில் மேலாளரிடம் அவர் கொண்டுபோனது ஒரே ஒரு தாள். ஆறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே மாத மணிக்கணக்கு, கீழே 260 என்ற கூட்டுத்தொகை. குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை. "இந்த ஆறில் எது தாமதமானாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்கள் சார்" என்று மட்டும் கேட்டாராம். மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "கூரியரையும் நீங்களா அனுப்புகிறீர்கள்?" என்பது. இதை அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு ஆந்திரத்து அம்மையாரின் முகம் நினைவுக்கு வந்தது.

கூரியரும் வருகைப் பதிவேடும் வரவேற்பில் இருந்த இளைஞருக்குப் போயின. கிடங்குக் கணக்குக்கு விரைவில் ஆள் எடுப்பதாக மேலாளர் சொன்னார். விரைவில் என்ற சொல்லை நண்பர் இந்த முறை விட்டுவிடவில்லை. அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இன்று தாங்கள் கூறியபடி இன்னின்ன வேலைகள் மாற்றப்படுகின்றன, கிடங்குக் கணக்கை டிசம்பர் 31 வரை நான் கவனித்துக்கொள்கிறேன் என்று நான்கு வரி. பணிவான நான்கு வரிதான். ஆனால் முன்பு காற்றில் போன சொல்லுக்கு இப்போது ஒரு தேதி இருந்தது.

சனவரியில் ஊதியம் பற்றிப் பேசினார். ரூ.40,000 கேட்டார்; ரூ.37,000 கிடைத்தது. அந்த ரூ.3,500இல் பெரும்பகுதியைச் சிறப்புப் படியாகத் தருவதாகச் சொன்னபோது, அடிப்படை ஊதியத்தில் சேர்க்குமாறு கேட்டிருக்கிறார். கையில் வரும் தொகை சற்றுக் குறையும். ஆனால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் அடிப்படையைப் பற்றிக்கொண்டே உயர்பவை. இப்போதைய சட்டத் தொகுப்பின்படி படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மிகுதி ஊதியமாகவே கொள்ளப்படும். அந்த வரம்புக்குள் நிறுவனம் எப்படிப் பிரிக்கிறது என்பதை ஊதியச் சீட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தாளைக் கிழித்துப்போடும் மேலதிகாரிகளும் உண்டு. பட்டியலைக் காட்டிய மறுவாரமே மேலும் ஒரு வேலையைத் தலையில் கட்டியவரைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அத்தகைய இடத்தில் பேச்சு உதவாது. மிகைநேர ஊதியம் சட்டப்படி உரியதாயிருந்தும் மறுக்கப்பட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். அப்போது அந்த நேரக் குறிப்புத்தான் சான்று. அணுகினால் வேலை நிலைக்குமா என்ற அச்சம் நியாயமானது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் தகுதிகாண் பருவத்தில் உள்ள இளைஞர்களுக்கும் அது இன்னும் பெரிது. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, குறிப்பை எழுதிக்கொண்டே வேறு வேலை தேடுங்கள், புதிய நிறுவனத்தின் நியமன ஆணை கையில் வரும்வரை கடிதம் கொடுக்காதீர்கள் என்பது மட்டுமே. வேலை தேடும்போது, தனியாகச் செய்து பழகிய வேலைகளின் பட்டியலாக அதே நோட்டு பயன்படும்.

போசரி நண்பர் மார்ச்சில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்தார். வைப்பும் அதே மாதத்தில் முதிர்ந்தது; புதுப்பிக்க வந்தபோது, சாகனில் ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம். கிடங்குக்குப் புதிய ஆள் பிப்ரவரியில்தான் வந்தாராம். தேதி தவறியது, ஆனாலும் வந்துவிட்டார்.

எனக்கு அதன்பின் மாற்றலாகிவிட்டது. இப்போதிருக்கும் கிளையில் என் மேசை இழுப்பறையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். யாரிடம் புதிய வேலை கொடுத்தாலும், அவர் பெயருக்கு எதிரே வேலையையும் அதற்குப் பதிலாக எதை எடுத்துவிட்டேன் என்பதையும் எழுதுவது வழக்கம். இரண்டாவது கட்டம் பல நாள் காலியாகவே கிடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்ற வாரம் ஓர் இளம் அலுவலர் ஒரு தாளோடு வந்து நின்றார். நான்கு வேலைகள் எழுதியிருந்தார். எதை முதலில் முடிக்கட்டும் என்று கேட்டார். பதிவேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டை அடித்தேன். அடித்ததில் ஒன்று, நான் செய்ய வேண்டிய வேலை.